பருப்பு வேகாத வீட்டிலிருந்து

ஜாகீர் அம்மாபாளையம்,
சேலம்.
ஆடி 12

அன்புள்ள பாப்பாவுக்கு,

உனக்கே ஒரு பாப்பா பிறந்து மூன்று மாதம் ஆகிவிட்டது, இனிமேலாவது பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்கிறாள் அம்மா. எனக்கு வாய் வரவில்லை. குட்டிக்குத் தலை நின்றுவிட்டதா? போனில் கேட்கலாம்தான். ஆனால் நீ எப்போது போனை எடுத்தாலும் அம்மா பக்கத்தில் இருக்கிறாள். அதனால்தான் கடிதம். படித்ததும் மடித்து உன் அலுவலகப் பைக்குள் வைத்துவிடு.

குளியலறை ஹீட்டர் எரிந்துவிட்டது. போன வாரம் எலக்ட்ரீஷியன் வந்து கழற்றிப் பார்த்தார். உள்ளே தண்ணீரைச் சுடவைக்கும் கம்பிச் சுருள் (காயில்), சுண்ணாம்பு பூசிய கைத்தடி மாதிரி இருந்தது. திருப்புளியால் இரண்டு தட்டு தட்டினார். முட்டை ஓடு போலப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, கீழே வைத்திருந்த குவளை நிறைந்துவிட்டது. நான் ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்து, “கால்சியம் கார்பனேட்” என்றேன். “காயிலுக்கு எண்ணூறு ரூபாய் ஆகும் சார்” என்றார் அவர்.

தண்ணீரில் கரைந்திருக்கிற பைகார்பனேட் சூடு ஏறினால் கார்பனேட்டாகிப் படிந்துவிடும். படிந்த அடுக்கு சூட்டைத் தண்ணீருக்கு விடாது. காயில் தன் சூட்டில் தானே வெந்து போகும். தற்காலிகக் கடினத்தன்மை, நிரந்தரக் கடினத்தன்மை என்று முப்பத்திரண்டு வருடம் கரும்பலகையில் எழுதியவன் நான். கொதிக்க வைத்தால் போவது முன்னது, போகாதது பின்னது. நீயும் என்னிடம் ஒரு வருடம் படித்திருக்கிறாய். அந்தக் கேள்விக்கு உனக்கு முழு மதிப்பெண் போட்ட ஞாபகம்.

ஹீட்டர் கடைசியில் வந்த சேதி. அதற்கு முன்பே வீடு எனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அம்மா ஊருக்குக் கிளம்பிய இரண்டாம் வாரத்திலிருந்து துவரம்பருப்பு வேகவில்லை. எட்டு விசில் விட்டுத் திறந்தால் பருப்பு தனி, தண்ணீர் தனி. மத்தால் கடைந்தால் மணல் மாதிரி நெருநெருக்கிறது. பழைய பருப்பு என்று மளிகைக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். பாவம், வேறு பருப்பு மாற்றிக் கொடுத்தார். அதுவும் வேகவில்லை. எதிர் வீட்டு அத்தை ஒரு சிட்டிகை ஆப்பசோடா போடச் சொன்னார்கள். போட்டால் குழைகிறது, உண்மை. ஆனால் தயமின் என்கிற பி1 சத்தை அது தின்றுவிடும். அம்மா ஒருநாளும் போட்டதில்லை என்பதும் ஞாபகம் வந்தது. பருப்பில் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினைத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் கடைக்காரரிடம் சண்டை போட்டேன்.

வேட்டியெல்லாம் பழுப்பேறி, காய்ந்ததும் அட்டை மாதிரி நிற்கிறது. காபி டம்ளரில் வெள்ளை வளையம். பாத்ரூம் குழாயில் ஒரு ஓட்டையில் தண்ணீர் நேராகவும் இன்னொன்றில் சுவரைப் பார்த்தும் போகிறது.

ஹீட்டர் போன அன்றுதான் சோதித்துப் பார்த்தேன். பள்ளியில் செய்து காட்டுவேனே, அதே சோதனைதான். இரண்டு கண்ணாடி பாட்டில். ஒன்றில் வாசல் குழாயில் பிடித்த மேட்டூர் தண்ணீர், இன்னொன்றில் சமையலறைக் குழாய்த் தண்ணீர். இரண்டிலும் ஒரே அளவு சவர்க்காரச் சீவல் போட்டுக் குலுக்கினேன். முதலாவதில் கழுத்து வரை நுரை. இரண்டாவதில் நுரையே இல்லை. திரிந்த பால் மாதிரி திப்பித் திப்பியாக மிதந்தது. சமையலறைக் குழாயில் வந்துகொண்டிருந்தது முழுக்க போர் தண்ணீர், பாப்பா. குடிக்க மட்டும் வாசல் குழாயில் குடம் பிடித்து வைத்துக்கொண்டதால் என் நாக்குக்குத் தெரியவில்லை.

நம் போர் எப்படிப்பட்டது என்று மொட்டை மாடியில் நின்றாலே தெரியும். அந்தப் பக்கம் சேர்வராயன் மலை, இந்தப் பக்கம் வெள்ளை வெள்ளையாகக் கல் மேடுகள். வெள்ளைக்காரர்கள் அதற்குச் சுண்ணாம்புக் குன்றுகள் என்று பெயர் வைத்தார்கள். அது சுண்ணாம்பே இல்லை, மேக்னசைட், மெக்னீசியம் கார்பனேட். இரும்பு உருக்கும் உலைக்கு உள்சுவர் கட்டுகிற செங்கல் அதிலிருந்துதான் வருகிறது. அந்தக் கல் வழியாக இறங்குகிற மழை சும்மாவா இறங்கும்? 1934-இல் அணை கட்டி நிறுத்திய காவேரி குழாயேறி இங்கே வந்திராவிட்டால், நம் தெருவில் யார் வீட்டிலும் சாம்பார் இருந்திருக்காது.

போர் தண்ணீர் சமையலறைக்கு எப்படி வந்தது என்பதுதான் நீ அம்மாவிடம் சொல்லக்கூடாத பகுதி. மாடியில் பெரிய தொட்டி போருக்கு, சின்னத் தொட்டி மேட்டூருக்கு. அவற்றின் அடியில் மூன்று வால்வு. அதில் ஒன்றில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தது. கிழிந்து, வெளுத்து, பார்க்க அசிங்கமாக இருந்ததால் அம்மா போன பிறகு மாடியைக் கூட்டியபோது அவிழ்த்து எறிந்துவிட்டேன். துணி சிக்கியிருந்த வால்வைக் கொஞ்சம் திருகித்தான் அவிழ்க்க வேண்டியிருந்தது. சமையலறையும் ஹீட்டரும் சின்னத் தொட்டியில் ஓடுவதற்கு அந்தத் துணிதான் அடையாளம் போலிருக்கிறது. அதன் பிறகு சின்னத் தொட்டி எப்போது பார்த்தாலும் நிறைந்தே இருந்தது. என்ன சிக்கனம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மேட்டூர் தண்ணீர் விடுகிற நாளில் அம்மா விடிகாலையில் மாடியேறுவாள். முட்டி வலியோடு ஏன் ஏறுகிறாய் என்று கேட்டிருக்கிறேன். எதற்கு ஏறுகிறாய் என்று கேட்டதில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். முடி கொட்டுவதற்கு உங்கள் அடுக்ககத்துத் தண்ணீரை மட்டும் திட்டாதே. பிள்ளை பெற்று மூன்றாம் மாதம் கொட்டத்தான் செய்யும், பிறகு நிற்கும். ஷாம்பூவை நிறுத்திவிட்டு, அம்மா கொண்டுவந்த அரப்பைத் தேய்த்துப் பார். அரப்புக்கும் உப்புத் தண்ணீருக்கும் சண்டை கிடையாது. அங்கே லாரித் தண்ணீர் என்றால் சோதனை அறிக்கையைச் சங்கத்தில் கேட்டு வாங்கி ‘மொத்தக் கடினத்தன்மை’ என்ற வரியைப் பார். இந்தியத் தரப்படி லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 600 வரை. மென்னீராக்கும் இயந்திரம் இருக்கிறது என்றாயே, அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தை விடும். குளிக்க, துவைக்க நல்லது. குட்டிக்குக் காய்ச்சிக் கொடுக்க அதை எடுக்காதே.

எனக்கு ஆர்.ஓ. இயந்திரம் அனுப்புகிறேன் என்றது வேண்டாம். ஒரு குடம் கொடுக்க இரண்டு குடத்தைச் சாக்கடையில் விடுகிற சாமானை, நான்கு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிற வீட்டில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? மேட்டூர் தண்ணீரைக் காய்ச்சினால் போதும்.

காயில் மாற்றியாகிவிட்டது. குழாய்களைச் சாம்பாருக்குக் கரைத்த புளிச் சக்கையால் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்; பாதி வந்துவிட்டது. வேட்டிக்குப் புதிதாக இரண்டு வாங்கிக்கொள்வேன்.

வால்வு மட்டும் பிடிபடவில்லை. இடது பக்கத்ததைத் திருகினேன், துணி துவைக்கிற கல்லுக்குத் தண்ணீர் நின்றது. நடுவில் இருப்பது உப்பேறி இறுகிக் கிடக்கிறது. அழுத்தினால் கையோடு வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. குட்டியைக் குளிப்பாட்டும்போது அம்மா நல்ல மனநிலையில் இருப்பாள். அப்போது பேச்சோடு பேச்சாக, சிவப்புத் துணி எந்த வால்வில் இருந்தது, எந்தப் பக்கம் திருகினால் திறக்கும் என்று கேட்டு எழுது. நான் கேட்டேன் என்று சொல்லாதே. ஆவணியில் அவள் வருவதற்குள் இன்னொரு சிவப்புத் துணி கட்டி, கொஞ்சம் வெளுக்கவும் வைக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா