எத்தனை சதவீதம் அடைப்பு?

இளங்கோவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, "கொலஸ்ட்ரால் சரியாக இருக்கிறது, பத்து வருடத்துக்குள் மாரடைப்பு வரும் ஆபத்தும் குறைவு என்று டாக்டர் சொல்லிவிட்டார் அம்மா" என்றாய். நான் சரி என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை. பேச்சில் இதைச் சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

உன் அப்பா மாரடைப்பில் போவதற்கு ஐந்து வாரங்களுக்கு முன் டிரெட்மில் பரிசோதனை செய்துகொண்டார். 'நார்மல்' என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, வரும் வழியில் எனக்கு இரண்டு முழம் முல்லைப்பூ வாங்கி வந்தார். அப்போதே நான் பதினைந்து வருடம் வார்டில் வேலை பார்த்தவள். நானும் அந்தத் தாளை நம்பினேன். சோதித்தவர்கள் மேல் தப்பில்லை. ஓடும்போது இதயத்துக்கு ரத்தம் போதாமல் போகும் அளவுக்கு ரத்தக் குழாய் குறுகியிருந்தால்தான் அந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும்.

வார்டில் உறவினர்கள் முதலில் கேட்பது, "எத்தனை சதவீதம் அடைப்பு சிஸ்டர்?" என்பதுதான். நானும் அப்படியே நினைத்திருந்தேன். ஆனால் ரத்தக் குழாயின் சுவருக்குள் கொழுப்பு சேர்ந்து படிகிறதே, அந்தப் படிவின் மேல்மூடி கிழிந்தால் அங்கே ரத்தம் உறைந்து சில நிமிடங்களில் குழாய் மூடிவிடும். பல நேரங்களில் கிழிவது பாதிகூட அடைத்திராத படிவு. ஆகவே கேட்க வேண்டியது, படிவு தொடங்கிவிட்டதா, எவ்வளவு இருக்கிறது என்பதுதான்.

இதற்குக் கால்சியம் ஸ்கேன் இருக்கிறது, இதயத்தை எடுக்கும் ஒரு சி.டி. ஸ்கேன். ஊசி இல்லை, மூச்சைச் சில விநாடி அடக்கினால் போதும். கதிர்வீச்சும் குறைவு. பழைய படிவில் சேரும் சுண்ணாம்பை, அதாவது கால்சியத்தை, எண்ணாகச் சொல்லும். 1990இல் அகட்ஸ்டன் என்ற மருத்துவர் வகுத்த கணக்கு அது. அமெரிக்காவில் 6,814 பேரைத் தொடர்ந்து கவனித்த மெசா ஆய்வின் முடிவு 2008இல் வந்தது. எண் பூஜ்யமாக இருந்தவர்களைவிட, 100ஐத் தாண்டியவர்களுக்கு இதயப் பாதிப்பு ஏழு மடங்குக்கும் மேல்.

உன் டாக்டர் போட்ட கணக்கை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மாட்ரிட்டில் உன்னைப்போல் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யும் வங்கி ஊழியர்களை, 40 முதல் 54 வயது வரை, நாலாயிரம் பேருக்கு மேல் சோதித்தார்கள். யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை. 63 சதவீதம் பேரிடம் கழுத்து, வயிறு, கால், இதயம் என எங்காவது ஒரு ரத்தக் குழாயில் படிவு இருந்தது. ஆபத்து குறைவு என்று கணக்கில் வந்தவர்களிலும் பாதிக்கு மேல்!

நீ இருக்கும் சிகாகோவிலேயே மசாலா என்ற பெயரில் தெற்காசியர்களுக்கென்று ஓர் ஆய்வு நடக்கிறது. (பெயரைப் பார்த்துச் சமையல் சம்பந்தமானது என்று நினைத்துவிடாதே.) நம் ஆண்களின் இதயக் குழாய்க் கால்சியம் அளவு அங்குள்ள வெள்ளையர்களுக்கு இணையாகவும், கறுப்பினத்தவர், சீனர், லத்தீன் மக்களைவிட அதிகமாகவும் இருந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். சுண்ணாம்பு சேராத இளம் படிவை இந்த ஸ்கேன் காட்டாது. உன் வயதில் பூஜ்யம் வந்தால் சந்தோஷப்படலாம், ஆனால் சில வருடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். எண் வந்தாலும் பயப்படாதே. 100ஐ எட்டினால் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை தொடங்கச் சொல்வார்கள். அதற்குப் பிறகு எண் கொஞ்சம் ஏறலாம். மாத்திரை படிவைக் கெட்டியாக்கி நிலைப்படுத்துவதால் அப்படி ஆவதுண்டு, அதைப் பார்த்து நிறுத்திவிடாதே. ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் ஒருவகைத் துகளான லிப்போபுரதம் (ஏ), அதாவது Lp(a), பரிசோதனையையும் கேள். அதன் அளவு பரம்பரையாக வருவது, ஒருமுறை பார்த்தால் போதும்.

டாக்டர் குடும்பத்தைப் பற்றிக் கேட்டபோது நீ என்ன சொன்னாய்? "அப்பாவுக்கு ஹார்ட் பிராப்ளம்" என்று மட்டும் சொல்லியிருப்பாய், உன்னை எனக்குத் தெரியும். வயதைச் சொல்ல வேண்டும் கண்ணா. தகப்பனுக்கு 55 வயதுக்குள் வந்திருந்தால் மருத்துவர்கள் அதைத் தனியாகக் கணக்கில் எடுப்பார்கள். அப்பாவுக்கு 52. உனக்கு வரும் ஆவணியில் 43 முடிகிறது.

ஸ்கேனுக்கு நாள் குறித்ததும் கூப்பிடு. இங்கே நடுராத்திரியாக இருந்தாலும் எடுப்பேன்.

அம்மா