சோதனை அறிக்கைகளைக் குழுவில் பகிர வேண்டாம்

உறுப்பினர்களுக்கு வணக்கம். நேற்று ஒரு குழந்தையின் ஐக்யூ (அறிவுத்திறன்) சோதனை அறிக்கை இங்கே படமாக வந்தது. பெயரை அடித்திருந்தாலும் பள்ளியும் வகுப்பும் தெளிவாகத் தெரிந்தன. நீக்கிவிட்டோம், போனில் சேமித்தவர்களும் தயவுசெய்து அழித்துவிடுங்கள். பெற்றோர் கையெழுத்துப் போட்டது சோதனைக்கு மட்டும்தான்.

அப்புறம், அந்த மதிப்பெண். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைக்குச் சோதனை முழுவதும் ஆங்கிலத்தில் நடந்திருக்கிறது. கேள்வியே புரியாமல் விழித்ததை அறிவுக் குறைவு என்று எழுதிவிடலாமா? 1979-ல் கலிஃபோர்னியாவில் லாரி பி என்ற மாணவர் பெயரிலான வழக்கின் தீர்ப்பு, ஐக்யூ சோதனைகளில் பண்பாட்டுச் சார்பு இருப்பதாகச் சொல்லி, அவற்றை வைத்துக் கறுப்பினக் குழந்தைகளை அறிவுத்திறன் குறைந்தவர்களுக்கான தனி வகுப்புகளுக்கு அனுப்புவதைத் தடுத்தது.

சந்தேகம் இருந்தால், அடையாளம் எதுவும் இல்லாமல் கேள்வியாக மட்டும் எழுதுங்கள். சோதனையில் பிள்ளைகளுக்குக் காட்டும் அட்டைகளின் படங்களும் வேண்டாம். முன்பே பார்த்துவிட்ட பிள்ளைக்கு அந்தச் சோதனை பயன்படாது.