பரிணாமப் பாடத்தை ஒதுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அம்பாசமுத்திரம் பக்கம் தாமிரபரணிப் பாசனத்தில் நெல் போடுகிறவன் நான். மகள் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். பரிணாமப் பாடம் நடத்தியாச்சா என்று கேட்டேன். "அதை நடத்தலப்பா, கேள்வி பதிலை மட்டும் படிச்சுக்கச் சொல்லிட்டாங்க" என்றாள். மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

பிசானம் என்கிற நெல் பருவத்தில் புகையான் பூச்சி விழுந்தால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். தூரில் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். பயிர் வட்டம் வட்டமாகத் தீய்ந்துபோகும். மருந்து அடித்தால் முதலில் நன்றாகக் கேட்கும். அதையே பருவத்துக்குப் பருவம் அடித்தால் அப்புறம் கேட்காது. எந்தப் பூச்சியும் மருந்தைக் குடித்துக் குடித்துத் தேறுவதில்லை. பிறவியிலேயே அதைத் தாங்கும் வாகுள்ள ஒன்றிரண்டு பிழைக்கின்றன, மற்றவை சாகின்றன. பிழைத்தவை போடும் முட்டையில் வருவதும் அதே வாகோடு வருகிறது. சில பருவத்தில் வயல் முழுக்க அதன் வம்சம்தான். டார்வின் 1859-ல் புத்தகம் போட்டுச் சொன்ன இயற்கைத் தேர்வு இதுவேதான். இமிடாகுளோபிரிட் மருந்துக்குப் புகையான் மசியாமல் போனது ஆசிய நாடுகள் பலவற்றில் பதிவாகியிருக்கிறது. இது புரியாத பிள்ளை நாளைக்கு வயலில் இறங்கினால், கேட்காத மருந்தையே இரண்டு மடங்கு ஊற்றும். கடனும் ஏறும், மண்ணும் கெடும்.

2016 ஜனவரியில் மணப்பாடு கடற்கரையில் பைலட் திமிங்கிலங்கள் கூட்டமாக ஒதுங்கியதை நம் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் துடுப்புக்குள் நம் கையில் இருப்பது போலவே தோளுக்குக் கீழே ஓர் எலும்பு, அடுத்து இரண்டு, மணிக்கட்டு, விரல்கள் என்று வரிசையாக இருக்கின்றன. நீந்துகிற பிராணிக்கு விரல் எலும்பு எதற்கு? அதன் முன்னோர் தரையில் நாலு காலில் நடந்தவை. வகுப்பில் இந்தக் கேள்வியைப் போட்டால் எந்தப் பிள்ளை தூங்கும்?

2023-ல் மத்தியப் பாடப்புத்தகங்களைப் போடும் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமத்தை எடுத்தபோது 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டு எதிர்த்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் இருக்கிறதே என்று பதில் வந்தது. சரி, பத்தோடு நிற்கிற பிள்ளைக்கும் வணிகவியல் எடுக்கிற பிள்ளைக்கும் யார் சொல்வது? நம் மாநிலப் புத்தகத்தில் பாடம் இருக்கிறது. இருந்தும் நடத்தாமல் விட்டால், எடுத்துவிட்டதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சாமிக்கு விரோதமான பாடம் என்று சிலர் தயங்குகிறார்கள். நான் பாபநாசத்தில் முங்கி எழுந்து கும்பிடுகிறவன்தான். எனக்கு இதில் ஒரு விரோதமும் தெரியவில்லை.

கல்வித் துறை அதிகாரிகளிடம் நான் கேட்பது, இந்தப் பாடத்துக்கென்று நாள் ஒதுக்கி, நடத்தியதைச் சரிபார்க்க வேண்டும் என்பதுதான். பிசானத்தில் பிள்ளைகளை வயலுக்கு அழைத்து வந்தால் இன்னும் நல்லது. எங்கள் வயலுக்கே வரட்டும். தூரை விலக்கிப் புகையானை நானே காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு நெல் விவசாயி,
அம்பாசமுத்திரம் வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.