பத்து கிலோமீட்டர் கோடு

கும்பகோணம்,
மார்கழி 10.

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு இழுப்பு வந்து, இரவெல்லாம் நெபுலைசரும் கையுமாக விழித்திருந்தாய் என்று படித்ததிலிருந்து இங்கே யாருக்கும் மனம் சரியில்லை. வடசென்னையில் மாடியில் உலர்த்திய வேட்டியை உதறினால் கரி பறக்கும் என்று முன்பொரு முறை எழுதியிருந்தாய். அன்று வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் வயலில் பம்புசெட் 1990 முதல் இலவச மின்சாரத்தில் ஓடுகிறது. கட்டணம் எங்களுக்கு இல்லையே தவிர, நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியை எரித்து வருவதால், அதன் விலையில் ஒரு பங்கை யாரோ மூச்சால் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். (இலவசத்தை விட்டுவிடு என்றால் விடுவேனா? மாட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.)

அனல்மின் நிலையப் புகையிலிருந்து கந்தகத்தைப் பிரிக்கும் கருவியைப் பொருத்த வேண்டிய விதி 2015 டிசம்பரில் வந்தது. இரண்டு ஆண்டு கெடு மீண்டும் மீண்டும் நீண்டு, 2025 ஜூலையில், தில்லித் தலைநகர வட்டாரத்துக்கும் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களுக்கும் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலையங்கள் 2027 முடிவதற்குள் பொருத்தினால் போதும், மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விலக்கு என்று முடிந்தது. நம் நாட்டு நிலக்கரியில் கந்தகம் குறைவு என்கிறார்கள். உண்மைதான், ஆனால் எரிக்கும் அளவு குறைவில்லையே.

என்னை உறுத்துவது அந்தப் பத்து கிலோமீட்டர். கந்தக டை ஆக்சைடு புகைபோக்கியை விட்டு வெளியேறிய பிறகு, மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில் காற்றோடு பயணம் செய்துகொண்டே சல்பேட் நுண்துகளாக மாறுகிறது. நுரையீரலின் அடிவரை இறங்குவது அந்தத் துகள்தான். 2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட துகள் ஆண்டுச் சராசரியில் கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நம் நாட்டு விதி அனுமதிக்கும் வரம்பு 40. அனல்மின் நிலையங்கள் உள்ள நெய்வேலிக்கும் எங்கள் ஊருக்கும் இடையே அறுபது, எழுபது கிலோமீட்டர்தான் இருக்கும். மார்கழி வாடை எல்லைக்கல்லைப் பார்த்து நின்றுவிடுமா?

கருவி வைத்தால் யூனிட் விலை ஏறும் என்கிறார்கள். நீ நெபுலைசருக்குக் கொடுத்த பணம் எந்தக் கணக்கில் ஏறியது?

சூரிய ஒளிப் பம்புசெட்டுக்கு 60 சதவீத மானியம் உண்டு என்று மகன் விசாரித்து வந்திருக்கிறான். பகலில் மட்டும் இறைத்தால் எங்கள் நிலத்துக்குப் போதுமா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பொங்கலுக்குக் குழந்தையோடு வா. எந்தெந்த மாதங்களில், எந்தக் காற்று வீசும்போது இழுப்பு மிகுகிறது என்று ஒரு நோட்டில் குறித்து எடுத்து வா. டாக்டரிடம் அதைக் காட்டியிருக்கிறாயா?

அன்புடன்,
ராமு