விலை பேசுமுன் மனை யாருடையது என்று தெரிய வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வரி விளம்பரப் பகுதியில் கும்பகோணம், மயிலாடுதுறை, தஞ்சாவூர், திருவாரூர் ஆகிய ஊர்களில் விற்பனைக்கு வரும் வீடுகளைப் பற்றிய அறிவிப்புகளை நான் தவறாமல் படிப்பவன். வங்கியில் வீட்டுக் கடன் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால் அந்தப் பழக்கம் விடவில்லை. தெருவின் பெயர், சதுர அடி, மாடி உண்டா என்பதெல்லாம் அந்த அறிவிப்புகளில் இருக்கின்றன. ஆனால் வீடு நிற்கும் மனை விற்பவருக்குச் சொந்தமா, கோயிலுக்கோ மடத்துக்கோ உரிய அடிமனையா என்பது பெரும்பாலும் இருப்பதில்லை.

காவிரிப் படுகையின் பழைய ஊர்களில் இது சிறிய விஷயமன்று. கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில், கட்டடம் மட்டும் குடியிருப்பவருக்கும் மனை கோயிலுக்கும் உரியதாக இருக்கும் வீடுகள் ஏராளம். அத்தகைய வீட்டை வாங்குகிறவர் மனையை வாங்குவதில்லை. கட்டடத்தை வாங்கி, மனைக்கு வாடகை செலுத்தும் நிலைக்கு வருகிறார். வாடகைதாரர் பெயரை மாற்றுவதற்கு அறநிலையத் துறையின் கீழுள்ள கோயில் நிர்வாகத்தை அணுக வேண்டும், நிலுவை வாடகை இருந்தால் அதை யார் கட்டுவது என்றும் பேச வேண்டும். வங்கிகள் பெரும்பாலும் இவற்றுக்குக் கடன் தருவதில்லை. அப்படியிருக்க, பக்கத்துத் தெருவில் சொந்த மனையோடு விற்ற வீட்டின் விலையைச் சொல்லி இதற்கும் அதே விலை கேட்பதும், வாங்குபவர் அதிலிருந்து ஓரிரு லட்சம் குறைத்துவிட்டு நல்ல பேரம் முடித்ததாக மகிழ்வதும் எனக்கு மிகுந்த வருத்தம் தருகின்றன.

இதற்குக் காரணம் நம் பக்கத்தில் விலை பேசும் வரிசைதான். தரகர் வீட்டைக் காட்டுகிறார். நல்ல நாள் பார்த்து, வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கைமாறுகிறது. அதன்பிறகே, சொத்தின் மீதான விற்பனை, அடமானப் பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றும், முந்தைய உரிமையைக் காட்டும் மூலப் பத்திரமும் கேட்கப்படுகின்றன. அச்சாரம் கொடுத்தபின் ஒரு குறை தெரியவந்தால், விலையைக் குறைத்துக் கேட்கும் பலம் வாங்குபவரிடம் இருப்பதில்லை; கொடுத்த பணம் திரும்புமா என்ற கவலைதான் இருக்கும். பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரத்தையும், பதிவுக்காக அரசு நிர்ணயித்துள்ள வழிகாட்டி மதிப்பையும் கட்டணமின்றிப் பார்க்கலாம். நகர நில அளவைப் பதிவேட்டின் விவரமும் இணையத்திலேயே கிடைக்கிறது. கோயில் மனை என்றால் கோயிலின் பெயர் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். ஒரு மாலைப்பொழுதில் முடியும் இந்த வேலையைச் செய்துவிட்டு விலை சொல்லப் போவதில் யாருக்கும் மரியாதைக் குறைவு இல்லை.

விலையைச் சொல்லும்போது காரணத்தோடு சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நம் பழைய தெருக்களில் வீடுகள் குறுகிய முகப்போடு கொல்லை வரை நீண்டு கிடப்பவை. இருபதடி அகலமும் நூற்றிருபதடி நீளமும் உள்ள மனையில் தெருவை ஒட்டிய பகுதிக்கும் கொல்லைக்கும் ஒரே சதுர அடி விலை போடுவது நியாயமாகாது. கிராமங்களில் இன்னும் குழிக் கணக்கில் சொல்வார்கள். தஞ்சைப் பகுதியில் ஒரு குழி 144 சதுர அடி என்று கணக்கிட்டு, பத்திரத்தின் நான்கெல்லை அளவோடும் நேரில் அளந்த அளவோடும் ஒத்துப் பார்க்க வேண்டும். சாலையை மேன்மேலும் உயர்த்திப் போட்டதால் பழைய வீடுகள் பல தெருமட்டத்துக்குக் கீழே போய்விட்டன. ஐப்பசி, கார்த்திகை மழையில் வாசலை அடுத்த ரேழி வரை தண்ணீர் வருகிறதா, சுவரில் ஈரம் எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது என்று பார்த்து, தளத்தை உயர்த்த ஆகும் செலவைக் கொத்தனாரிடம் கேட்டு, அந்தத் தொகையை விற்பவர் முன் வைக்கலாம். வெறுமனே "கொஞ்சம் குறையுங்கள்" என்பதைவிட இதற்கு மதிப்பு அதிகம்.

தன் கையிருப்பைக் கணக்கிடாமல் விலை சொல்வதும் கூடாது. முத்திரைக் கட்டணம் 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்த்தால், 40 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 3,60,000 ரூபாய் தனியே வேண்டும். அந்த விலைக்கு வங்கிக் கடன் அதிகபட்சம் 80 சதவீதம், அதாவது 32 லட்சம். ஆக, 11,60,000 ரூபாய் சொந்தப் பணம் இல்லாதவர் 40 லட்சத்துக்கு ஒப்புக்கொள்ளக் கூடாது. பத்திரத்தில் குறைத்துக் காட்டி மீதியை ரொக்கமாகத் தரும்படி கேட்டால் உடனே மறுத்துவிட வேண்டும். சட்டப்படி தவறு என்பதோடு, அந்த மீதிக்கு வங்கிக் கடனும் கிடைக்காது.

விற்பவரின் நிலையையும் நான் நினைத்துப் பார்க்கிறேன். பெற்றோர் காலத்துக்குப் பின் சென்னையிலும் சிங்கப்பூரிலுமாகப் பிரிந்து வாழும் பிள்ளைகள் கூடி விற்கும் வீட்டை அவர்கள் காதுபட மட்டம்தட்டிப் பேசுவது நாகரிகமன்று. மகள்கள் உட்பட எல்லா வாரிசுகளும் கையெழுத்திட வேண்டியிருப்பதால் அவர்களுக்குக் கால அவகாசமும் தேவை. அந்த அவகாசத்தை வாங்குபவர் மனமுவந்து தந்தால், விலையில் அவர்கள் இறங்கி வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒப்புக்கொண்ட விலை, கெடு, உரிமையில் குறை கண்டால் முன்பணம் முழுவதும் திரும்பத் தரப்படும் என்ற நிபந்தனை ஆகிய மூன்றையும் கிரய ஒப்பந்தத்தில் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அத்தகைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம்.

தங்கள் நாளிதழ் ஒன்று செய்யலாம். வீட்டு விற்பனை விளம்பரம் தருபவர்களிடம் "சொந்த மனை" அல்லது "அடிமனை" என்ற ஒரு சொல்லைக் கட்டாயமாகக் கேட்டு வாங்கி அச்சிடலாம். அதற்குத் தனிக் கட்டணம் வசூலிக்க வேண்டாம் என்றும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வங்கி அலுவலர்,
கும்பகோணம்.