மெக்கானிக் அண்ணன்களுக்கு: ஏர் பாக்ஸில் ஓட்டை போட்டுத் தராதீர்கள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் பைக் வேலை பார்க்கும் அண்ணன்களுக்கு,

வணக்கம். நான் காட்பாடிக்காரன். வீட்டு வாசலில் உட்கார்ந்து என் வண்டியை நானே பிரித்துப் பூட்டுகிறவன். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். "அண்ணா, காத்து நல்லா போற மாதிரி ஏர் பாக்ஸைத் திறந்து விடுங்க" என்று பையன்கள் வந்து நின்றால், தயவுசெய்து செய்து கொடுக்காதீர்கள். இன்ஜினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் ஃபில்டர் உட்கார்ந்திருக்கும் பெட்டிதான் அந்த ஏர் பாக்ஸ்.

என் தம்பி வண்டிக்கு அப்படித்தான் செய்தார்கள். கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் 150 சிசி எஃப்ஐ வண்டி. ஒரு கடையில் ஏர் பாக்ஸ் மூடியில் வரிசையாக ஓட்டை போட்டு, பேப்பர் ஃபில்டரை எடுத்துவிட்டுக் கம்பி வலை வைத்துக் கொடுத்தார்கள். த்ராட்டிலைத் திருகினால் காற்றை உறிஞ்சும் சத்தம் தொடைக்கு நடுவில் கேட்கும். அந்தச் சத்தத்திலேயே தம்பிக்கு வண்டி பறக்கிற மாதிரி இருந்தது. ஏலகிரியின் 14 வளைவும் ஏறி இறங்கிவிட்டு வந்து பெருமையாகச் சொன்னான். அடுத்த கோடைக்குள் சைலன்ஸரில் நீலப் புகை, ஆயிலும் இறங்கிக்கொண்டே போனது. நான் இன்ஜினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடியைக் கழற்றி, அதன் பின்னால் இன்ஜின் ஹெட்டுக்குப் போகும் வழியில் விரலை விட்டுத் தடவினேன். சாம்பல் நிறத்தில் ஒரு மாவு ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் நறநறவென்றது. ஹெட்டைத் திறந்து பார்த்தால், பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர் உள்சுவரான போரில் மேலிருந்து கீழாகக் கோடுகள், நகம் மாட்டுகிற அளவுக்கு.

நம் ஊர்த் தூசி எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாலாறு பெரும்பாலும் மணலாகத்தான் கிடக்கிறது. கல் குவாரி, கிரஷர், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை லாரிகள். மணலிலும் கல் தூசியிலும் இருக்கும் சிலிக்கா வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. அது பிஸ்டன் ரிங்குக்கும் போருக்கும் நடுவே போனால் அரம் வைத்து ராவுவதுபோலத்தான்.

சரி, ஃபில்டர் அவ்வளவு காற்றை மறிக்கிறதா? போர் வேலை முடித்து, புது பாக்ஸும் ஒரிஜினல் ஃபில்டரும் போட்ட பிறகு அதை அளந்தே பார்த்தேன். மீன் தொட்டிக்குப் போடும் டியூபை வாங்கி, யு வடிவில் வளைத்து ஒரு ஸ்கேலோடு கட்டி, பாதிவரை மஞ்சள் கரைத்த தண்ணீரை ஊற்றினேன். ஒரு நுனியை ஃபில்டருக்கு அப்புறமுள்ள அறையில் மாட்டினேன், மறு நுனியைத் திறந்துவிட்டேன். ஃபில்டர் எவ்வளவு மறிக்கிறதோ, அவ்வளவுக்கு இரண்டு பக்கத் தண்ணீர் மட்டமும் வித்தியாசப்படும். ஒற்றை சிலிண்டர் வண்டி என்பதால் தண்ணீர் துள்ளியது. டியூபுக்குள் கொஞ்சம் பஞ்சை அடைத்ததும் அடங்கியது. தம்பி ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். முழு த்ராட்டிலில்கூட இரண்டு பக்கத் தண்ணீருக்கும் வித்தியாசம் ஒரு சாண் வரவில்லை. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைத் தண்ணீர் உயரத்தில் சொன்னால் ஏறக்குறைய 1,000 செ.மீ. ஒரு சாண் 23 செ.மீ. ஃபில்டர், பாக்ஸ் இரண்டையும் தூக்கி எறிந்தாலும் கிடைக்கக்கூடியது இரண்டு சதவீதம் சொச்சம்தான்.

அதையும் வெயில் பிடுங்கிக்கொள்ளும். மூடியைத் திறந்துவிட்ட பாக்ஸ், சீட்டுக்கு அடியில் இருக்கும் இன்ஜின் சூட்டையும் சேர்த்து இழுக்கிறது. காற்று 15 டிகிரி கூடுதலாகச் சுட்டால் அதன் அடர்த்தி ஏறக்குறைய 5 சதவீதம் குறையும். கத்திரி வெயிலில் வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் நிற்கும் வண்டிக்கு 15 டிகிரி ஒரு பெரிய விஷயமா?

கார்புரேட்டர் காலத்தில் காற்று கூடினால் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டை மாற்றிச் சரிக்கட்டினீர்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு அந்தக் கணக்கெல்லாம் வண்டியின் கம்ப்யூட்டரான ஈசியு கையில். ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்து 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்று அது சரிசெய்யும், ஆனால் ஓர் எல்லைக்குள்தான். முழு த்ராட்டிலில் பெரும்பாலான சின்ன வண்டிகள் அந்த சென்சாரைக் கேட்பதே இல்லை. கம்பெனி எழுதிவைத்த அளவுப்படி பெட்ரோல் ஊற்றும். அந்த அளவு, கம்பெனி பாக்ஸ் மாட்டிய வண்டிக்கு எழுதியது.

காற்று உண்மையாகவே சீராகப் போக வேண்டுமா, வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. ஏர் பாக்ஸ் வாயில் எலி இழுத்துவைத்த துணியோ குப்பையோ இருக்கிறதா என்று பார்க்கலாம். ஃபில்டருக்கும் த்ராட்டில் பாடிக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்தால், தூசி ஒட்டுகிறதா என்பதை வைத்தே கிளாம்ப் தளர்ந்ததும் ரப்பர் வெடித்ததும் தெரிந்துவிடும். த்ராட்டில் பாடிக்குள் திறந்து மூடும் பட்டர்ஃபிளைத் தகட்டின் ஓரத்தில் படியும் கரியை, த்ராட்டில் பாடி கிளீனரைத் துணியில் நனைத்து மெதுவாக எடுக்கலாம். நேராக அடித்தால் சென்சாருக்குள் போகும். பெயிண்ட் அடையாளம் வைத்த ஸ்க்ரூவை மட்டும் தொடவே கூடாது. இந்த வேலை முடிந்ததும் எங்கள் வண்டியில் ஐடிலிங் ஆட்டம் நின்றது. இதையெல்லாம் பையன்களுக்கு நீங்கள் காட்டிக் கொடுத்தால் கேட்பார்கள். என்னைவிட உங்கள் வார்த்தைக்குத்தான் மதிப்பு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள். எந்த ஃபில்டர் வந்தாலும் கம்ப்ரஸர் காற்றை அடித்து மறுபடி மாட்டுவது பல கடைகளில் வழக்கமாகிவிட்டது. காய்ந்த பேப்பர் என்றால் உள்ளிருந்து வெளியே லேசாக அடிக்கலாம். எண்ணெய் ஊறிய பேப்பர் ஃபில்டருக்கு அது ஆகாது. தூசியைப் பிடித்துவைப்பதே அந்த எண்ணெய்தான். அதை மாற்றத்தான் வேண்டும், தூசி ரோட்டில் ஓடும் வண்டிக்குக் கையேடு சொல்வதற்கு முன்பே. "பழசு இதோ, பாருங்க" என்று கையில் கொடுத்துக் காசு கேளுங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள்.

ஓட்டை போட்ட அந்த மூடியையும் கோடு விழுந்த பழைய பிஸ்டனையும் எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் கடைச் சுவரில் மாட்ட இடம் இருந்தால் சொல்லுங்கள், நானே கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
காட்பாடியிலிருந்து உங்கள் வாடிக்கையாளன்