73-ஆம் சங்கீதத்தை 18-ஆம் வசனத்தில் தொடங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நிதி நிறுவனத்தில் போட்ட பணத்தை இழந்த குடும்பங்களுக்காக நடக்கும் ஜெபக்கூட்டங்களில் வேதாகமத்தின் 73-ஆம் சங்கீதத்தை வாசிக்கிறார்கள். பொருத்தமான பகுதிதான். ஆனால் பலரும் நேராக 18-ஆம் வசனத்துக்குப் போய், "துன்மார்க்கன் சறுக்கலான இடத்தில் நிற்கிறான், சீக்கிரம் விழுவான்" என்று ஆறுதல் சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஏமாற்றியவர் அடுத்த ஆண்டு புது வீடு கட்டிக் குடியேறும்போது, அந்த ஆறுதலை நம்பியவரின் விசுவாசமும் ஆட்டம் காண்கிறது.

28 வசனங்கள் உள்ள இந்தச் சங்கீதத்தில், முதல் வசனத்தின் அறிக்கையை விட்டால் 14 வரை வெறும் குமுறல். துன்மார்க்கருக்கு நோய் நொடி இல்லை, பெருமையை ஆரமாக அணிந்திருக்கிறார்கள், வானத்துக்கே எதிராக வாய் திறக்கிறார்கள். "நானோ இருதயத்தைச் சுத்தமாக வைத்திருந்தது வீண், காலைதோறும் தண்டிக்கப்படுகிறேன்" என்கிறார் பாடியவர். பாடலின் தலைப்பில் பெயர் உள்ள ஆசாப், தாவீது காலத்தில் கைத்தாளம் கொட்டிப் பாடகரை நடத்திய லேவியர், அதாவது ஆராதனைப் பணிக்கென்று பிரிக்கப்பட்ட கோத்திரத்தார். ஆராதனை நடத்துகிறவரே இப்படிப் பேசுகிறார் என்றால், வயிறெரிந்து பேசும் ஏழையை அவிசுவாசி என்று அடக்க நமக்கு என்ன உரிமை? முதல் கூட்டத்தில் 14-ஆம் வசனத்தோடு நிறுத்துங்கள். பணம் இழந்தவர் பேசட்டும். யாரும் பதில் சொல்ல வேண்டாம்.

அடுத்த கூட்டத்துக்கு 15 முதல் 17 வரை போதும். அதுவரை தேவனைப் பற்றிப் பேசியவர், 15-இல்தான் முதன்முறையாக அவரை நோக்கியே பேசுகிறார். பிறகு பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகிறார். துன்மார்க்கரின் முடிவை அங்கே உணர்கிறார். ஆனால் ஒரு துன்மார்க்கனாவது அவர் கண்ணெதிரே விழுந்ததாகப் பாடல் எங்கும் சொல்லவில்லை. நாள் குறிக்கவும் இல்லை. "நான் எப்பொழுதும் உம்மோடிருக்கிறேன்" என்று 23-இல் சொல்லும்போதும் வெளியே நிலைமை அப்படியேதான் இருக்கிறது. 26-இல் மாம்சமும் இருதயமும் மாண்டுபோவதைக்கூட அவர் மறைக்கவில்லை. விசுவாசம் என்று நாம் கற்பிக்க வேண்டியது இதைத்தான். விழும் நாளைக் குறித்துக் கொடுப்பவர்கள் யோபு புத்தகத்தின் 21-ஆம் அதிகாரத்தையும் வாசிக்க வேண்டும்: துன்மார்க்கர் முதிர்வயதுவரை வாழ்ந்து பெலத்திருக்கிறார்களே என்று யோபு கேட்கிறார். துன்மார்க்கன் சீக்கிரம் அழிவான் என்று சாதித்த அவருடைய சிநேகிதர்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்று 42-ஆம் அதிகாரத்தில் கர்த்தரே கடிந்துகொள்கிறார்.

இன்னொரு தவறு இதைவிடக் கொடியது. "கர்த்தர் பார்த்துக்கொள்வார், போலீசுக்குப் போகாதே" என்பது. அதே ஆசாபின் பெயரில் உள்ள 82-ஆம் சங்கீதம், ஏழைக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் நியாயம் செய்யும்படி நியாயாதிபதிகளிடமே கேட்கிறது. தமிழ்நாட்டில் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கலாம். முதலீட்டாளர்களைப் பாதுகாக்கும் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நிறுவனத்தின் சொத்தை முடக்கி, சிறப்பு நீதிமன்றம் வழியாகப் பணத்தைப் பங்கிட்டுத் தர வழியிருக்கிறது. தாமதித்தால் சொத்து வேறு பெயருக்கு மாறிவிடும். ரசீது, பாஸ்புக், பத்திரம், வங்கிப் பரிமாற்றப் பதிவு எல்லாவற்றையும் நகலெடுத்துக்கொண்டு, அசலைக் கையில் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். கூட்டம் முடிந்ததும் சபையில் படித்த ஒருவர் உட்கார்ந்து புகாரை எழுதிக் கொடுத்து, மறுநாள் அந்தக் குடும்பத்தோடு அலுவலகத்துக்கும் போய் வரட்டும்.

வேதபாட ஆசிரியர்கள்,
பாளையங்கோட்டை